முடியாத ஓட்டம்

எல்லையைத் தொட்டவனையே உலகம் வென்றவன் என்னும். கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ் எல்லையைத் தொடவில்லை. எலும்புப் புற்றுநோயால் 1977-இல் வலக்காலை இழந்த அவர், 1980 ஏப்ரல் 12 அன்று, செயற்கைக் காலுடன் அட்லாண்டிக் கரையிலிருந்து நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு மக்கள் தலைக்கு ஒரு டாலர் அளிக்க வேண்டுமென்பதே அவர் வேண்டுகோள். நாள்தோறும் ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ஓடினார். 5,373 கிலோமீட்டர் கடந்த நிலையில், 143-ஆம் நாள், நோய் நுரையீரலுக்குப் பரவியமையால் ஓட்டம் நின்றது.

ஆயினும் கொடை நிற்கவில்லை. 1981 பிப்ரவரியில் நிதி 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டிற்று. கனடாவின் அன்றைய மக்கள்தொகையும் ஏறத்தாழ அதுவே. அவ்வாண்டு ஜூனில், 22 வயதில், அவர் மறைந்தார்.

மாணவர்களே, கால் நின்ற இடத்தில் கருத்து நிற்கவில்லை. இன்றும் ஆண்டுதோறும் பல நாட்டினர் அவர் பெயரால் ஓடி நிதி திரட்டுகின்றனர்.