விரலுக்கு இணங்கும் அஞ்சற்பெட்டி

சங்க அலுவலகத்து மேசைக் கணினியின் முன் அமர்ந்தே கடிதங்களைப் பார்த்து வந்த நம் காரியதரிசி, இப்பொழுது டேப்லெட்டைக் கையிலேந்திக் கிடங்குக்கும் தறிக்கூடத்துக்கும் சென்று வருகிறார். சங்கத்தின் மின்னஞ்சலையும் உலாவி வழியாக அதிலேயே திறக்கிறார். வசதிதான். ஆயினும், சென்ற ஆண்டு போர்வைகளுக்கு விலைப்புள்ளி கோரி வந்த ஒரு கடிதத்திற்கு அவர் விடையெழுத முற்பட்டபோது, 'பதில்' பொத்தானை அடுத்திருந்த 'அழி' பொத்தானில் விரல் பட்டுவிட்டது. கடிதம் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. கெடு நாள் கடந்த பின்னரே அது அங்குக் கிடந்தது தெரிந்தது. பிழை காரியதரிசியினுடையது அன்று. மௌஸுக்கென அமைத்த பக்கத்தை விரலிடம் ஒப்படைத்ததே பிழை.

மௌஸின் அம்புக்குறி ஒரு புள்ளியைத் தொடும். விரலோ அதைச் சூழ்ந்த யாவற்றையும் மூடிவிடும். எனவேதான் ஆப்பிள் நிறுவனம், தொடவேண்டிய எதுவும் 44 புள்ளி அகலமும் அதே உயரமும் உடையதாக இருத்தல் வேண்டும் என மென்பொருள் எழுதுவோருக்கு அறிவுறுத்துகிறது. 2010-இல் வெளிவந்த முதல் ஐபேட்டின் திரையில் இது ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர். பழைய அஞ்சற் பக்கங்களின் பொத்தான்கள் பல இதில் பாதியும் இரா.

அளவு மட்டுமே இடர்ப்பாடு எனக் கருதிவிடலாகாது. அம்புக்குறியை மேலே கொண்டு சென்றாலே விரியும் பட்டியல், தொடுதிரையில் விரிவதற்கு வழியில்லை. விரல் ஒன்று தொடும், அல்லது தொடாதிருக்கும். வலப்பொத்தான், இரட்டைச் சொடுக்கு, கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு பல கடிதங்களைத் தெரிவு செய்தல் ஆகிய பழக்கங்களுக்கெல்லாம் மாற்று வழி செய்தாக வேண்டும். தொடக்க கால ஐபேட்டில், பக்கத்தினுள் அமைந்த சிறு சட்டத்திலுள்ள கடிதத்தை நகர்த்த இரண்டு விரல்கள் வேண்டியிருந்தன! இதனை அறியாத பலர், கடிதம் பாதியில் நின்றுவிட்டதாகவே எண்ணியிருப்பர். 2011-இல் வந்த ஐ.ஓ.எஸ். 5 அக்குறையைப் போக்க வழி செய்தது.

பக்கத்தைச் சுருக்கிக் காட்டுவதும் பயன் தராது. அளவு குறிப்பிடப்படாத பக்கத்தை ஐபோனின் உலாவி 980 பிக்சல் அகலமுள்ளதெனக் கொண்டு, திரைக்குள் அடங்குமாறு சுருக்கிவிடும். எழுத்துக்கள் எறும்பு வரிசையாகிவிடும். திரையின் அகலத்துக்கேற்பப் பக்கமே தன் அமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும் என்னும் முறைக்கு 2010-இல் ஈதன் மார்க்காட் என்பார் பெயர் சூட்டி விளக்கம் எழுதினார்.

வாடகைச் சர்வர்களில் பெரிதும் காணப்படுவதும், யாவரும் இலவசமாகப் பயன்படுத்தத் தக்கதுமான ரவுண்ட்கியூப் என்னும் அஞ்சல் மென்பொருள் இவ்வழிக்கு வந்தது 2019 நவம்பரில்தான். அதன் 1.4 பதிப்பில் 'எலாஸ்டிக்' என்னும் புதிய தோற்றம் சேர்ந்தது. ஐபேட் பிறந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின் வந்த இதனை விரைவு என்று சொல்வதற்கில்லை. ஆயினும் செய்ததைச் செம்மையாகவே செய்துள்ளனர். அகன்ற திரையில் அடைவுகள், கடிதப் பட்டியல், கடிதம் என மூன்றும் அருகருகே நிற்கும். குறுகிய திரையில் ஒரு சமயத்தில் ஒன்றே தோன்றும். பல கடிதங்களைத் தெரிவு செய்யப் பட்டியலின் மேலேயே தனிப் பொத்தான் உண்டு.

தங்கள் சங்கத்தின் அஞ்சற்பெட்டி ரவுண்ட்கியூபாயின், அமைப்புகள் பகுதியில் இடைமுகத் தோற்றம் எது என அங்கத்தினர்கள் பார்ப்பாராக. 'லாரி' அல்லது 'கிளாசிக்' என்றிருப்பின் 'எலாஸ்டிக்' என மாற்றிவிடலாம். அது பட்டியலிலேயே இல்லையெனில் சர்வர் வைத்திருப்போரிடம் புதிய பதிப்பைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். பழைய பதிப்பில் தங்குவது பாதுகாப்புக்கும் கேடு. அவர்கள் காலம் தாழ்த்தினால், டேப்லெட்டிலுள்ள அஞ்சல் செயலியில் ஐமேப் முறையில் கணக்கைச் சேர்த்துக்கொள்ளலாம். கடிதங்கள் சர்வரிலேயே இருக்குமாதலால், மேசைக் கணினியிலும் அவற்றையே காணலாம்.

நம் சங்கத்தில் 'எலாஸ்டிக்' வந்து மூன்று மாதங்களாகின்றன. வரிகளுக்கிடையே இடைவெளி மிகுந்துவிட்டதென மேசைக் கணினியில் அமரும் கணக்கர் மட்டும் இன்னும் குறைபட்டுக்கொள்கிறார். காரியதரிசியோ, வெள்ளிக்கிழமைதோறும் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்த பின்னரே வீடு செல்கிறார்.