குடும்பத்தோடு கான்வி கோட்டைக்கு

வேல்ஸ் நாட்டின் வடக்குக் கரையில், கான்வி ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், ஒரு பாறைத் திட்டின் மேல் எட்டு வட்டக் கோபுரங்களோடு நிற்கிறது கான்வி கோட்டை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. கூரைகள் போய்விட்டன, மரத்தளங்கள் மக்கிவிட்டன. ஆனால் மதிலும் கோபுரங்களும் ஏறத்தாழ முழு உயரத்துக்கு அப்படியே இருக்கின்றன. ஐரோப்பிய இடைக்காலக் கோட்டை ஒன்றைப் பிள்ளைகளோடு பார்க்க விரும்பும் குடும்பத்துக்கு இது மிகப் பொருத்தமான இடம். தங்க முலாம் பூசிய நாற்காலிகளும் கண்ணாடிப் பேழைகளும் இங்கே இல்லை. ஒரு கோட்டை எப்படி இயங்கியது என்பதை வெறுங்கல்லே காட்டிவிடுகிறது.

கோட்டைக்குள் நுழையுமுன் அது யாருக்கு எதிராகக் கட்டப்பட்டது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நல்லது. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு வேல்ஸ் மீது படையெடுத்தபோது, வேல்ஸ் இளவரசர் லிவெலின் ஆப் கிரிஃபித் 1282 டிசம்பரில் கொல்லப்பட்டார். அவர் தம்பி தாவித் மறு ஆண்டு பிடிபட்டு, கொடூரமாகத் தண்டிக்கப்பட்டு மாண்டார். 1283 மார்ச்சில் கான்வியைப் பிடித்த எட்வர்டு, அங்கே ஒரு துறவியர் மடம் இருந்த இடத்தையே கோட்டைக்குத் தேர்ந்தார். வேல்ஸ் மக்கள் பெரிதும் போற்றிய முன்னோர் ‘மாமன்னர்’ லிவெலின் அடக்கம் செய்யப்பட்டிருந்த மடம் அது. துறவிகள் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தெற்கே தள்ளி மைனன் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டனர். கோட்டையோடு சேர்த்து, ஆங்கிலேயக் குடியேறிகளுக்கென்று மதில் சூழ்ந்த ஓர் ஊரும் உருவானது. தோற்றவர்கள் தினமும் அண்ணாந்து பார்த்துத் தங்கள் தோல்வியை உணரவேண்டும் என்பதும் இந்தக் கட்டடத்தின் நோக்கங்களில் ஒன்று. அழகை ரசிக்கும்போது இதை மறந்துவிட்டால் பாதிக் கோட்டையைத்தான் பார்த்ததாக ஆகும்.

கட்டுமானத்தை மேற்பார்த்தவர் ஆல்ப்ஸ் மலையோரச் சவாய் பகுதியிலிருந்து வந்த தலைமைக் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ். 1283-இல் தொடங்கிய வேலை 1287-இல் பெரும்பாலும் முடிந்தது. 1285 கோடையில் மட்டும் சுமார் 1,500 பேர் வேலை செய்தனர். இங்கிலாந்தின் பல மாவட்டங்களிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் மண்வெட்டிக்காரர்களும் திரட்டப்பட்டனர். கோட்டைக்கும் ஊர் மதிலுக்கும் சேர்த்து ஏறத்தாழ 15,000 பவுண்டு செலவானது. அந்நாளில் அது ஓர் அரசையே திணறவைக்கும் தொகை. கோபுரச் சுவர்களை வெளியே நின்று உற்றுப் பார்த்தால், சிறு சதுரத் துளைகள் சாய்வாகச் சுற்றிச்சுற்றி மேலேறுவது தெரியும். சாரம் கட்டிய மரங்கள் செருகப்பட்ட துளைகள் அவை. சாரத்தையே சரிவுப் பாதைபோல அமைத்துக் கல்லை மேலே ஏற்றினார்கள். சில இடங்களில் சுவரில் வெள்ளைத் திட்டுகள் ஒட்டியிருக்கும். இன்று சாம்பல் நிறத்தில் தெரியும் கோட்டை ஒருகாலத்தில் சுண்ணாம்பு பூசி வெள்ளைவெளேரென்று இருந்ததற்கு அதுவே சாட்சி.

உள்ளே போனதும் பிள்ளைகள் கோபுரப் படிகளுக்குத்தான் ஓடுவார்கள். அதற்குமுன் தரைமட்டத்தில் பார்க்க நிறைய இருக்கிறது. மேற்கு வாயிலுக்கு மேலே, மதிலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கல் தாங்கிகளை முதலில் காட்டலாம். அவற்றின் இடைவெளி வழியாக, வாயிலை நெருங்கிய எதிரிகளின் தலைமேல் கற்களைப் போடலாம். பிரிட்டனில் கல்லால் செய்த இத்தகைய அமைப்புகளில் மிகப் பழையவற்றுள் இவையும் சேரும். வாயிலைக் கடந்தால் வெளி முற்றம். காவலர்களும் சமையலறையும் பெருங்கூடமும் இருந்த பகுதி இது. அடுத்து, பாறையில் சுமார் 28 மீட்டர் ஆழத்துக்குக் குடையப்பட்ட கிணறு. அதையும் தாண்டினால் அரசரும் அரசியும் தங்குவதற்கான உள் முற்றம். வெளி முற்றம் எதிரியிடம் விழுந்தாலும் உள் முற்றம் தனித்து நின்று போரிடலாம். கிழக்கே கடல் வழியாக உணவும் ஆளும் வந்து சேரலாம். அரசருக்கான நான்கு கோபுரங்களின் உச்சியில் மட்டும் சிறு காவல் கூண்டுகள் கூடுதலாக எழும்பியிருக்கும். எந்தப் பகுதி யாருடையது என்பதை வெளியிலிருந்தே கண்டுபிடிக்க அது போதும்.

சுருள் படிகள் வலப்பக்கமாகச் சுழன்று ஏறுவதற்கு ஒரு காரணம் சொல்லப்படுவதுண்டு: மேலிருந்து வாள் வீசுபவருக்கு வலக்கை தாராளமாக வீச இடம் கிடைக்கும், கீழிருந்து ஏறுபவருக்குக் கிடைக்காது என்பார்கள். கேட்கச் சுவையான விளக்கம்தான். ஆனால் ஆய்வாளர்கள் பலர் இன்று இதை ஏற்பதில்லை.

இவ்வளவு பெரிய கோட்டைக்கு அமைதிக் காலத்தில் நியமிக்கப்பட்ட காவற்படை 30 பேர் மட்டுமே. அவர்களில் 15 பேர் குறுக்குவில் வீரர்கள்; தச்சர், கொல்லர், பாதிரியார் ஆகியோரும் இந்தக் கணக்கில் அடக்கம். கல்லின் வலிமையை நம்பியே ஆளைக் குறைத்தார்கள். 1294-இல் மாடோக் என்பவர் தலைமையில் வேல்ஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது அந்த நம்பிக்கை பலித்தது. எட்வர்டே குளிர்காலத்தில் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டார். உணவு குறைந்துபோய், ஒரே ஒரு சிறு பீப்பாய் மதுதான் எஞ்சியிருந்தபோது, அதைத் தனக்கென வைத்துக்கொள்ள மறுத்து வீரர்களோடு பகிர்ந்துகொண்டார் என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு ஒன்று கூறுகிறது. கோட்டை விழவில்லை.

அதை வீழ்த்தியது தந்திரம். 1401-இல் புனித வெள்ளியன்று, காவற்படையினர் வழிபாட்டுக்குப் போயிருந்த நேரத்தில், டியூடர் குடும்பத்துச் சகோதரர்களான ரீஸ், கிவிலிம் இருவரின் ஆட்கள் கோட்டையைக் கைப்பற்றினர். தச்சு வேலைக்கு வந்தவர்போல் நடித்து ஒருவர் வாயிலைக் கடந்தாராம். வேல்ஸ் தலைவர் ஒவைன் கிளிண்டோர் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராகத் தொடங்கிய விடுதலைப் போரின் ஒரு பகுதி இது. இதே டியூடர் மரபில் வந்த ஏழாம் ஹென்றி 1485-இல் இங்கிலாந்தின் அரியணையில் ஏறினார். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து உள்நாட்டுப் போருக்குப் பின் கோட்டைக்கு வேலை இல்லாமல் போனது. 1665-இல் கூரையின் ஈயத் தகடுகளைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். மழை உள்ளே இறங்கியது. கான்வி, கேர்னார்வன், ஹார்லெக், பியூமாரிஸ் ஆகிய நான்கு எட்வர்டு காலக் கோட்டைகளும் 1986-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. வேல்ஸ் அரசின் தொல்சின்ன அமைப்பான கேடூ கான்வியைப் பராமரிக்கிறது.

போகும் குடும்பங்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். படிகள் குறுகலானவை, தேய்ந்தவை; மழை பெய்தால் வழுக்கும். சிறு குழந்தைகளின் கையை விடக்கூடாது. தள்ளுவண்டியைக் கோபுரத்தில் ஏற்ற முடியாது. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் முற்றங்களோடு நிறுத்திக்கொண்டாலும் பார்க்கவேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மேலே காற்று பலமாக வீசும் என்பதால் கோடையிலும் ஒரு மேலங்கி தேவை. குளிர்காலத்தில் சீக்கிரமே மூடிவிடுவார்கள். ரயில் நிலையம் ஊர் மதிலுக்கு உள்ளேயே இருக்கிறது. கோபுர உச்சியிலிருந்து பார்த்தால் பொறியாளர் டெல்ஃபோர்டு 1826-இல் கட்டிய தொங்கு பாலமும், அதன் பக்கத்தில் ஸ்டீபன்சனின் இரும்புக் குழாய்ப் பாலத்துக்குள் ரயில் புகுந்து மறைவதும் தெரியும்.

கோட்டையோடு திரும்பிவிடாமல் ஊர் மதில்மீதும் நடக்க வேண்டும். சுமார் 1.3 கிலோமீட்டர் நீளம், 21 கோபுரங்கள். மதில்மேல் நடக்கக் கட்டணம் இல்லை. தெற்குப் பக்கம் 12 கழிப்பிடங்கள் வரிசையாகச் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். இன்னொரு அரை நாள் கையில் இருந்தால், பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே லான்ரூஸ்ட் ஊருக்குப் போகலாம். ‘மாமன்னர்’ லிவெலினுடையது எனப்படும் வெற்றுக் கல்பேழை அங்குள்ள தேவாலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. கான்வியைப் பார்த்தவர்கள் அதையும் பார்த்துவிட்டு வருவதே முறை.