குழந்தையின் முழங்கை முறிந்தால்

பள்ளி விடுமுறை. ஏழு வயதுப் பையன் மாமரத்தில் ஏறுகிறான். கால் வழுக்குகிறது. கையை ஊன்றி விழுகிறான். முழங்கை வீங்கிவிடுகிறது.

“சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு உருவினால் சரியாகும்” என்கிறார் பாட்டி. “எலும்பு கட்டுகிறவரிடம் போவோம்” என்கிறார் மாமா.

கொஞ்சம் பொறுங்கள்.

மேல்கை எலும்பு உருண்டையானது. முழங்கைக்குச் சற்று மேலே மட்டும் அது தட்டையாக, மெல்லியதாக இருக்கும். சிறு பிள்ளைகளுக்கு அந்த இடம் எளிதில் முறியும். அதற்கு முன்னால்தான் கைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஓடுகிறது. நரம்புகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. முறிந்த எலும்பின் முனை அவற்றை நசுக்கலாம். உருவினால் இன்னும் கெடும்.

மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டினால்? உள்ளே வீக்கம் கூடும். கட்டு இளகாது. இரத்தம் நின்றுபோகும். சுமார் ஆறு மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். பிறகு விரல்கள் மடங்கியே நின்றுவிடும். ஃபோல்க்மான் என்ற ஜெர்மன் டாக்டர் 1881இல் இதை விளக்கி எழுதினார். மாவுக்கட்டு இறுகினாலும் இதே கதிதான். நாட்டு வைத்தியரை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

கையை இருக்கிறபடியே வையுங்கள். அட்டையை அணை கொடுத்து, துண்டால் தளர்வாகத் தாங்குங்கள். வளையல், கயிறு இருந்தால் கழற்றுங்கள். விரல்களைப் பாருங்கள். வெளுத்திருக்கிறதா? சில்லென்று இருக்கிறதா? விரலை நீட்டினால் பிள்ளை அலறுகிறதா? அப்படியானால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம்.

திருவனந்தபுரத்தில் 1951இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் பலர் போகிறார்கள். இப்படிப்பட்ட ஆஸ்பத்திரியில் முதலில் எக்ஸ்ரே எடுப்பார்கள். எலும்பு விலகாமல் இருந்தால் மாவுக்கட்டே போதும். நன்றாக விலகியிருந்தால் கம்பி போட வேண்டும் என்பார்கள்.

“கம்பியா!” என்று தாய் அழுகிறாள். இது பெரும்பாலும் கையைக் கிழித்துச் செய்வதல்ல. பிள்ளை மயக்கத்தில் இருக்கும். டாக்டர் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி எலும்பை இழுத்துப் பொருத்துவார். பிறகு தோல் வழியாக இரண்டு மூன்று மெல்லிய எஃகுக் கம்பிகளைச் செருகுவார். தடிமன் பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. ‘கே வயர்’ என்பது இதுதான். 1909இல் இதைக் கொண்டுவந்த கிர்ஷ்னர் என்ற டாக்டரின் பெயரால் வந்தது.

மாவுக்கட்டு மட்டும் போதாதா? விலகிய எலும்பு நழுவாமல் இருக்க, கையை மிகவும் மடக்கிக் கட்ட வேண்டும். வீங்கிய கையை மடக்கினால் இரத்தக் குழாய் நெரிபடும். கம்பி எலும்பைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் கையை அதிகம் மடக்க வேண்டியதில்லை. முழங்கை கோணலாகச் சேரும் ஆபத்தும் குறைகிறது.

கம்பியின் நுனி தோலுக்கு வெளியே வளைந்திருக்கும். அதன்மேல் கட்டு இருக்கும். அதை நனைக்கக் கூடாது. சீழ், காய்ச்சல், விரல் வீக்கம், தாங்காத வலி வந்தால் உடனே திரும்பிப் போங்கள். மூன்று நான்கு வாரத்தில் எலும்பு கூடியதும் கம்பியை உருவி எடுப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்தே தேவைப்படாது.

அப்போது முழங்கை விறைப்பாக இருக்கும். பயந்துபோய் எண்ணெய் தேய்த்து அமுக்காதீர்கள். வலுவில் மடக்கினால் தசைக்குள் எலும்பு வளரக்கூடும். பையன் தானே சாப்பிடட்டும், விளையாடட்டும். சில மாதங்களில் கை தானாக நீளும்.