பூங்குழலிக்கு இங்கிலீஷில் எட்டு ஸ்பெல்லிங்! உங்க வீட்டுப் பாப்பாவுக்கு எது?

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் பூங்குழலியைத் தெரியாமல் இருக்காது. கோடிக்கரையில் படகு ஓட்டும் அந்தப் பெண் வரலாற்றில் இல்லை. 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக எழுதிய கல்கியின் கற்பனை அவள். அதே கதையில் வரும் திருக்கோவலூர் மலையமான், இன்றைய கணக்கில் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரர்!

தமிழில் எழுதும் வரை பூங்குழலிக்குப் பிரச்னையே இல்லை. ஸ்கூல் அட்மிஷன் ஃபார்மில் இங்கிலீஷ் கட்டம் வரும்போதுதான் சிக்கல். 'பூ'வுக்கு இரண்டு 'ஓ'வா, ஒரு 'யு'வா? 'கு'வுக்கு 'ஜி'யா, 'கே'வா? 'ழ'வுக்கு 'இஸட் எச்'சா, வெறும் 'எல்'லா? கூட்டிக் கழித்தால் ஒரே குழந்தைக்கு எட்டு ஸ்பெல்லிங்.

இதில் பெரிய வில்லன் 'ழ'தான். ல, ள, ழ மூன்றுக்கும் இங்கிலீஷில் கிடைப்பது ஒரே 'எல்'. ஊர்ப் பெயர்களையே பாருங்கள். கள்ளக்குறிச்சியின் 'ள்ள'வுக்கு இரட்டை 'எல்'. பக்கத்து விழுப்புரத்தின் 'ழு'வுக்கும் அதே இரட்டை 'எல்'! 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி அரசாணை வெளியிட்டது. கிண்டலும் எதிர்ப்பும் கிளம்ப, சில நாள்களிலேயே வாபஸ். கல்வராயன் மலைக்கு நடுவில் 'வ' போட்டும் போடாமலும் இன்றுவரை இரண்டு ஸ்பெல்லிங் ஓடுகிறது. அங்கு வாழும் மலையாளி பழங்குடியினரின் பெயரை இங்கிலீஷ் வாக்கியத்தில் படிப்பவர், கேரளாக்காரர்கள் என்றே நினைத்துக்கொள்வார்.

சரி, 'இஸட் எச்' போட்டால் ஆச்சா? தமிழர்களுக்கு அது 'ழ'. வெளிநாட்டுக்காரருக்கு அல்ல. ரஷ்ய நாவலான 'டாக்டர் ஷிவாகோ'வின் கற்பனை நாயகன் பெயரும் இங்கிலீஷில் அதே இரண்டு எழுத்தில்தான் தொடங்குகிறது. அந்தப் பழக்கத்தில் படிப்பவர் 'பூங்குஷலி' என்பார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி, 'எல்'லுக்குக் கீழே ஒரு கோடு போட்டு 'ழ'வைக் காட்டியது. அறிஞர்களுக்குச் சரி, ஆன்லைன் ஃபார்மில் அந்தக் கோட்டை எங்கே தேடுவது?

மொழிபெயர்ப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. கதையில் அருள்மொழிவர்மர் இவளை 'சமுத்திர குமாரி' என்கிறார். அது பெயரா, வர்ணனையா என்று தமிழ் எழுத்து காட்டிக்கொடுக்காது. நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாதே! இங்கிலீஷில் முடிவு எடுத்தே ஆக வேண்டும். பெயர் என்றால் முதல் எழுத்தைப் பெரிதாக்கி அப்படியே விடலாம். வர்ணனை என்றால் 'கடலின் மகள்' என்று மொழிபெயர்த்து, முன்னால் 'தி' சேர்க்க வேண்டும். 'அவ ஒரு பூங்குழலி' என்று நாம் சொன்னால் துணிச்சல்காரி என்று புரியும். அதையே 'ஷி இஸ் எ பூங்குழலி' என்று எழுதினால், ரோமியோவைப் புரிந்துகொள்ளும் இங்கிலீஷ்காரர் இங்கே முழிப்பார்.

நாவலில் ஸ்பெல்லிங் மாறினால் யாருக்கும் நஷ்டமில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் வேறொன்று என்றால், பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய வேண்டியது அந்தப் பெண்தான். பிறப்பைப் பதிவு செய்த 12 மாதங்களுக்குள் குழந்தையின் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். அந்தக் கட்டத்தில் என்ன ஸ்பெல்லிங் எழுதுகிறீர்களோ, ஸ்கூலிலும் ஆதாரிலும் அதையே கொடுங்கள். 'இஸட் எச்'சா 'எல்'லா என்கிற சண்டையை, பேர் வைக்கிற அன்றைக்கே தாத்தா பாட்டியோடு போட்டு முடித்துவிடுங்கள்!