இருட்டில் உருளும் பந்து

பௌலிங் என்றதும் கிரிக்கெட் ஆட்டந்தான் உங்கள் நினைவுக்கு வரும். நாம் இங்கே பேசப்போவது வேறோர் ஆட்டம். அமெரிக்காவில் சிறுவர் முதல் முதியவர் வரை விரும்பி ஆடும் இந்தப் பௌலிங், கூடத்துக்குள் ஆடப்படுவது. வழவழப்பான நீண்ட தடம் ஒன்று. அதன் கோடியில் முக்கோண வடிவில் நிற்கும் பத்துக் கட்டைகள். ஆடுபவர் 60 அடி தொலைவிலிருந்து கனமான பந்தை உருட்டி அவற்றை வீழ்த்த வேண்டும். பந்தின் எடை 16 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ ஏழேகால் கிலோகிராம் வரை இருக்கலாம்.

1990-களில் இந்த ஆட்டம் ஒரு புதுக்கோலம் பூண்டது. கூடத்தின் விளக்குகளை மங்கச் செய்தார்கள். வண்ண விளக்குகள் மின்னி மின்னி அணைந்தன. இசை காதைப் பிளந்தது. பந்தும் கட்டைகளும், ஆடுபவரின் வெள்ளைச் சட்டையுங்கூட, இருட்டில் தாமே ஒளிவிட்டன! 'காஸ்மிக் பௌலிங்' என்று இதற்குப் பெயர். விண்வெளியில் ஆடுவது போன்ற மயக்கத்தைத் தருவதால் வந்த பெயர் இது. இந்த மயக்கம் எப்படி உண்டாகிறது? அது நம் கண்ணையும் காதையும் என்ன செய்கிறது? பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

கூடத்தின் கூரையில் 'கரு விளக்கு' எனப்படும் விளக்குகள் எரிகின்றன. அவற்றிலிருந்து மங்கலான ஊதா நிறம் மட்டுமே நமக்குத் தெரியும். ஆனால் அவை வெளிவிடும் ஆற்றலில் பெரும்பகுதி புற ஊதாக் கதிர்களாகும். இவற்றின் அலைநீளம் ஏறக்குறைய 365 நானோமீட்டர். நம் கண்ணுக்குப் புலப்படும் ஒளி ஏறத்தாழ 400 நானோமீட்டரில்தான் தொடங்குகிறது. ஆகவே, விளக்கு எரிந்தாலும் கூடம் இருட்டாகவே இருக்கிறது.

சில பொருள்கள் இந்தக் கதிர்களை விழுங்கிவிட்டு, அந்த ஆற்றலின் ஒரு பகுதியைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக உடனே திருப்பித் தருகின்றன. எஞ்சிய ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. ஆற்றல் குறைந்ததால், வெளிவரும் ஒளியின் அலைநீளம் கூடிவிடுகிறது. இந்த உண்மையை 1852-இல் விளக்கியவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற அறிஞர். இந்நிகழ்ச்சியை உடனொளிர்தல் என்கிறோம்.

பந்திலும் கட்டையிலும் இத்தகைய சாயங்கள் கலந்திருக்கின்றன. சரி, சட்டை ஏன் ஒளிர்கிறது? துணி வெளுப்பாகத் தோன்றுவதற்காகச் சலவைத் தூளில் உடனொளிரும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவை துணியில் தங்கிவிடுகின்றன. நம் ரூபாய் நோட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தால் அதன் எண்கள் ஒளிர்வதும் இதே காரணத்தால்தான்.

பளிச்சிடும் இந்தச் சாயங்களுக்கு ஒரு கதை உண்டு. 1930-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ராபர்ட் சுவிட்சர் என்ற இளைஞர் வேலை செய்யுமிடத்தில் விழுந்து தலையில் அடிபட்டார். பார்வை பாதிக்கப்பட்டது. இருட்டறையில் தங்கி ஓய்வெடுக்குமாறு மருத்துவர் சொன்னார். அவருடைய தம்பி ஜோசப், மாயாஜால வித்தைகளில் நாட்டம் கொண்டவர். இருவரும் ஒரு புற ஊதா விளக்கை எடுத்துக்கொண்டு தந்தையின் மருந்துக்கடையில் எந்தெந்தப் பொருள் ஒளிர்கிறது என்று தேடினார்கள். அந்தத் தேடலில் பிறந்த சாயங்களே பின்னர் 'டே-குளோ' என்ற பெயரில் உலகெங்கும் பரவின.

பந்து தாவுகிறதா?

பந்தை உருட்டிவிட்டு நோக்கினால் இன்னொரு விந்தை. அது தொடர்ந்து உருளாமல், விட்டுவிட்டுத் தாவுவது போல் தோன்றுகிறது! இது மின்னி மின்னி அணையும் விளக்கின் வேலை. ஒரு சிறு கணக்குப் போடுவோம். பந்து வினாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் செல்வதாகவும், விளக்கு வினாடிக்கு 10 முறை மின்னுவதாகவும் கொள்ளுங்கள். ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையில் பந்து 75 சென்டிமீட்டர் கடந்துவிடும். நடுவே அது எங்கே இருந்தது என்பதைக் கண் அறியாது. இதே தத்துவத்தைக் கொண்டுதான் 1930-களில் ஹெரால்டு எட்ஜர்ட்டன் என்ற பொறியியல் அறிஞர், சுழலும் இயந்திரங்களை நிற்பவை போலக் காட்டி ஆராய்ந்தார்.

மங்கிய ஒளியில் குறிபார்ப்பதும் கடினமே. விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் உள்ளன. கூம்புச் செல்கள் நல்ல வெளிச்சத்தில் நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுபவை. குச்சிச் செல்கள் மங்கிய ஒளியில் வேலை செய்பவை. நாம் ஒன்றை நேராக உற்றுப் பார்க்கும்போது அதன் பிம்பம் விழும் நடுப்புள்ளியில் குச்சிச் செல்களே இல்லை. மேலும், இருட்டுக்குக் கண் நன்கு பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். பளிச்சென்று ஒரு விளக்கு மின்னினால் அந்தப் பழக்கம் கெட்டுவிடுகிறது. தேர்ந்த ஆட்டக்காரர் பலர் தொலைவிலுள்ள கட்டைகளைப் பார்ப்பதில்லை. தடத்தில் சற்று முன்னால் வரைந்துள்ள அம்புக்குறிகளையே பார்த்து உருட்டுவார்கள். அக்குறிகள் மறைந்தால் அவர்களும் தடுமாறுவார்கள்.

யாருக்கு ஆபத்து?

மின்னும் விளக்கு பெரும்பாலோருக்கு வெறும் வேடிக்கைதான். ஆனால் வலிப்பு நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய மூவருக்கு, இத்தகைய ஒளி வலிப்பைத் தூண்டிவிடும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் 'போக்கிமான்' என்ற தொலைக்காட்சிக் கேலிச்சித்திரத்தில் சிவப்பும் நீலமும் வினாடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மின்னின. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் 600-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர் சிறுமியர், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பலருக்கு அதற்கு முன் வலிப்பு வந்ததே இல்லை.

மின்னும் ஒளியில் உங்களுக்குத் தலை சுற்றினால், கண்ணை மூடிக்கொள்வது மட்டும் போதாது. இமையை ஊடுருவியும் ஒளி செல்லும். ஒரு கண்ணை உள்ளங்கையால் நன்றாகப் பொத்திக்கொண்டு, விளக்கைப் பாராமல் திரும்பி, வெளியே வந்துவிடுங்கள்.

செவிக்கு இமை இல்லை

கண்ணைப் பொத்தலாம், திரும்பிக்கொள்ளலாம். காதோ எந்நேரமும் திறந்தே இருக்கிறது. உட்செவியில் நத்தைக்கூடு போன்ற காக்ளியா என்ற உறுப்பு உண்டு. அதிலுள்ள சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் ஒலியதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுகின்றன. பேரொலியால் இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கோழி போன்ற பறவைகளுக்கு முளைக்கின்றன. மனிதனுக்கு அந்தப் பேறு இல்லை.

ஒலியை டெசிபல் என்ற அலகால் அளக்கிறோம். இயல்பான பேச்சு சுமார் 60 டெசிபல். 10 டெசிபல் கூடினால் ஒலிச்செறிவு 10 மடங்காகும். ஆகவே 100 டெசிபல் இசையின் செறிவு, பேச்சைவிட 10,000 மடங்கு! 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் அறிவுரை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரு மணி, 97-க்கு அரை மணி. அப்படியானால் 100 டெசிபலுக்கு? கால் மணி நேரந்தான். ஓர் ஆட்டம் முடிவதற்குள்ளேயே அந்த நேரம் கடந்துவிடும்.

கையில் டெசிபல்மானி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கைநீட்டும் தூரத்தில் நிற்கும் நண்பனிடம் பேச நீங்கள் கத்த வேண்டியிருந்தால் ஒலி அளவு மீறிவிட்டது என்று கொள்ளலாம். வீடு திரும்பிய பின்னும் காதில் 'ங்ஙொய்' என்ற இரைச்சல் கேட்டால், அது மயிரிழைச் செல்கள் விடும் எச்சரிக்கை. மறுநாள் இரைச்சல் அடங்கிவிடலாம். ஆனால் செவி முழுவதும் தேறிவிட்டது என்று அதற்குப் பொருளன்று.

திருமண வீட்டு ஒலிபெருக்கிக்கும், திருவிழா மேடைக்கும், காதில் செருகும் கருவிக்கும் இதே கணக்குத்தான். ஒலிபெருக்கியை விட்டு விலகி நில்லுங்கள். இடையிடையே வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள். தேவையானால் காதடைப்பான் அணியுங்கள். அடுத்த முறை பேரிசை முழங்கும் இடத்துக்குப் போகும்போது, நண்பர்களுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்களேன்!