வீட்டிலே கற்ற பிள்ளைக்குச் சாட்சி யார்?

ஐக்கிய அமெரிக்காவிலே பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாது வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கும் வழக்கம் ஐம்பது மாநிலங்களிலும் சட்டத்துக்கு இசைந்ததாகும். நியூயோர்க் மாநிலத்திலே பெற்றோர் ஆண்டுக்கு நான்கு முறை அறிக்கை சமர்ப்பித்தல் வேண்டும். டெக்சாஸ் மாநிலத்திலோ அறிவித்தல் கொடுக்கும் கட்டாயந்தானும் இல்லை. ஜோன் ஹோல்ட் என்னும் கல்விச் சிந்தனையாளர் 1977ஆம் ஆண்டிலே இதற்கென்று ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். 1983ஆம் ஆண்டிலே, வட கலிபோர்னியாவின் மலைப்புறமொன்றில் ஆடு வளர்த்துக்கொண்டு வீட்டிலே கற்ற கிராண்ட் கொல்பாக்ஸ் என்ற இளைஞருக்கு ஹார்வார்ட் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தபோது, பத்திரிகைகள் அதனை ஓர் அதிசயமாக எழுதின. இன்று அஃது அதிசயமன்று. ஆயினும், வீட்டிலே கற்ற பிள்ளை ஒரு பாடசாலையின் வாயிலை அணுகும்போது எதிர்ப்படும் முட்டுப்பாடு ஒன்று இன்னும் நீங்கவில்லை. அதுவே ஆசிரியரின் சிபாரிசுக் கடிதம்.

சிபாரிசு என்றவுடன் நம்மவர் மனத்திலே தோன்றுவது வேறு. பெரிய மனிதர் ஒருவரின் கையொப்பம், ‘இவரைக் கவனித்துக் கொள்ளவும்’ என்ற ஒரு வரி, அவ்வளவே. இங்கே பேசப்படும் கடிதம் அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. பிள்ளை கற்பதை நேரிலே கண்ட ஒருவர், தாம் கண்டதைக் கண்டபடி எழுதும் சாட்சியம் இது. பிள்ளையை அறியாத பிரமுகர் ஒருவரின் கடிதம் இங்கே ஒரு சிறிதும் பயன்படாது.

பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியை நேயர்கள் நினைத்துக்கொள்ளலாம். தாயிடம் கணிதமும் தந்தையிடம் ஆங்கிலமும் கற்றவள். அட்சரகணிதத்திலே தன் வயதினரை முந்தியவள். விடுதியுடன் கூடிய தனியார் பாடசாலை ஒன்றிலே ஒன்பதாம் வகுப்பிற் சேர விரும்புகின்றாள். இத்தகைய பாடசாலைகளுக்கு விண்ணப்பம் பெரும்பாலும் சனவரி நடுப்பகுதியிலிருந்து பெப்ரவரி தொடக்கத்துக்குள் சென்றடைதல் வேண்டும். ஒக்டோபர் மாதத்திலே தாய் படிவங்களை விரித்துப் பார்க்கின்றாள். கணித ஆசிரியருக்கு ஒன்று, ஆங்கில ஆசிரியருக்கு ஒன்று. இப்பிள்ளையை எவ்வளவு காலமாக அறிவீர்? இவளை நினைத்தவுடன் தோன்றும் மூன்று சொற்கள் யாவை? சக மாணவருடன் எவ்வாறு பழகுகின்றாள்? பெற்றோர் பாடசாலையுடன் ஒத்துழைக்கின்றனரா? ஆசிரியர் இவற்றுக்கு விடை எழுதிப் பெற்றோர் கண்ணிற் படாமல் நேரே பாடசாலைக்கு அனுப்புதல் வேண்டும்.

தாயின் பேனா அங்கே நின்றுவிடுகின்றது. கணித ஆசிரியரும் அவளே, பெற்றோரும் அவளே! தன் ஒத்துழைப்பைப் பற்றித் தானே சாட்சி சொல்வதெப்படி? ஆறாண்டுகளாகப் பியானோ கற்பிக்கும் ஆசிரியைக்குப் பிள்ளையை நன்றாகத் தெரியும். ஆனால் அவள் கணக்குச் செய்வதை அவர் கண்டதில்லை. பிள்ளையிடம் அறிவு இருக்கின்றது. அதனைக் கண்ட அயலார் இல்லை.

பெற்றோருடைய எழுத்துக்கு இடமே இல்லை என்பதன்று. என்னென்ன நூல்களைக் கற்பித்தனர், எம்முறையிற் கற்பித்தனர், எவ்வாறு மதிப்பிட்டனர் என்பவற்றை அவர்களே எழுதுதல் வேண்டும். பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கும் பொதுவாகப் பயன்படும் விண்ணப்ப முறையிலும் பாடசாலை ஆலோசகருக்குரிய பகுதியை வீட்டுக்கல்விப் பெற்றோர் நிரப்பலாம். ஆனால் அது விவரணம், சாட்சியமன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் பெற்றோரே பின்னர் இடர்ப்படுகின்றனர்.

ஆகையால் முதலில் பாடசாலையின் அனுமதி அலுவலகத்துடன் பேசி, எவருடைய கடிதத்தை ஏற்பர் என்று கேட்டறிதல் நன்று. வெளியாசிரியர், வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பல கூடி நடத்தும் கூட்டு வகுப்பின் ஆசிரியர், இணையவழி வகுப்பாசிரியர் ஆகியோரை ஏற்கும் பாடசாலைகள் உண்டு. மூத்த பிள்ளைகளாயின், அண்மையிலுள்ள சமூகக் கல்லூரியிலே ஒரு பாடம் பயின்று அவ்விரிவுரையாளரிடம் கடிதம் பெறுதலும் வழக்கம். நம் சிறுமிக்கு இளைப்பாறிய கணித ஆசிரியர் ஒருவர் அயலிலே கிடைக்கின்றார். ஒக்டோபரில் வாரத்துக்கொரு பாடம் தொடங்கினால் சனவரிக்குள் பன்னிரண்டு பாடமேனும் ஆகும். ‘மூன்று மாதமாக அறிவேன்’ என்று அவர் உண்மையாகவே எழுதலாம். மூன்றாண்டு என்று கூட்டி எழுதுவதிலும் அது மேலானது. ஆங்கிலத்துக்கு, இரண்டாண்டுகளாக அவள் கட்டுரை எழுதிவரும் நூலக வாசகர் வட்டத்தை நடத்துபவர் இருக்கின்றார். இரண்டாண்டுகளுக்கு முன்னரே கணிதத்துக்கும் இவ்வாறு ஒருவரைத் தேடியிருந்தால் இந்த அவசரம் நேர்ந்திராது.

கடிதத்தின் உள்ளடக்கமும் கவனிக்கத்தக்கது. ‘ஒழுக்கமுள்ளவள், கெட்டிக்காரி, எதிர்காலம் பிரகாசமானது’ என்னும் மூன்று தொடர்களும் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். ஆகவே எந்தப் பிள்ளையையும் காட்டமாட்டா. நற்சான்றுப் பத்திரங்களை நாள்தோறும் புரட்டுவோர் இத்தொடர்களைப் படிப்பதேயில்லை என்றாலும் தவறாகாது. ‘சமன்பாடொன்றிலே குறியை மாற்ற மறந்தாள், நான் சுட்டிக்காட்டவில்லை, அடுத்த வாரம் தானே பிழையைக் கண்டு திருத்தி வந்தாள்’ என்பது வேறு. அதிலே ஒரு பிள்ளை தெரிகின்றாள். இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நினைவிலிருக்கவேண்டுமாயின், எழுதுபவர் அவளது கொப்பியைத் திருத்தியிருத்தல் வேண்டும்.

கேட்கும் முறையும் ஒன்றுண்டு. ஒரு மாதத்துக்கு முன்னராவது கேட்டல் வேண்டும். பிள்ளை செய்த சில வேலைகளின் பிரதிகளையும் முடிவுத் திகதியையும் எழுத்திலே கொடுத்தல் வேண்டும். மனமில்லாதவர் மறுத்துவிடவும் இடமளித்தல் வேண்டும். மனமின்றி எழுதிய கடிதம் கடிதமின்மையிலும் கெடுதி செய்யும். எழுதியதைக் காட்டும்படி வற்புறுத்தலாகாது. 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமொன்று, கல்லூரியிலே சேர்ந்துவிட்ட மாணவர் தம் கோவையிலுள்ள கடிதங்களைப் பார்க்கும் உரிமையை அளிக்கின்றது. இருந்தும் விண்ணப்பிக்கும்போதே அவ்வுரிமையைத் துறப்பதாகப் பெரும்பாலோர் கையொப்பமிடுகின்றனர். மறைவாக எழுதியதற்கே மதிப்பு அதிகம் என்பது அவர்கள் கணிப்பு.

அம்முதிய ஆசிரியர் படிவத்தை அனுப்பிய பின்னர் தாய் அதிலே என்ன இருந்தது என்று கேட்கவில்லை. சிறுமி மட்டும் நன்றிக் கடிதம் ஒன்றைத் தன் கையாலெழுதி எடுத்துச் சென்றாள். விடுதிப் பாடசாலைகள் பல தம் முடிவை அறிவிப்பது மார்ச் 10ஆம் திகதி. அதுவரையிலும், அதற்குப் பின்னரும், வாரப்பாடம் நடந்துகொண்டிருக்கும்.