நெட்வொர்க்கை எண்ணும் ஒஸ்லோக் காகம்

சர்வர் வாடகை பற்றிப் பேசின எபிசோடுக்குப் பிறகு கனக்கப் பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீர்கள். ஒரு ஜிபி ரேம் மட்டும் உள்ள மலிவு சர்வரில் டிராஃபிக் எவ்வளவு போகுது எண்டு பார்க்க, பெரிய மென்பொருள் ஏதும் போட வேணுமா? வேண்டாம். சர்வர் அதை ஏற்கெனவே எண்ணிக்கொண்டுதான் இருக்கு.

லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு நெட்வொர்க் கார்டிலும் எத்தனை பைட் வந்தது, எத்தனை போனது எண்டு கணக்கு வைத்திருக்கும். 'புராக்' அடைவுக்குள் 'நெட்', அதற்குள் 'டெவ்' எண்ட கோப்பைப் பாருங்கோ. வீட்டுக் கரண்ட் மீட்டர் மாதிரித்தான். எண் ஏறிக்கொண்டே போகும், ரீபூட் செய்தால் பூச்சியத்தில் தொடங்கும். இடைக்கிடை வாசித்துக் கழித்துப் பார்த்தால் பாவனை தெரியும்.

இதை ஒழுங்காகச் செய்யும் 'மூனின்' எங்கட ஊர்ச் சரக்கு. ஒஸ்லோவில் இயங்கிய லின்புரோ நிறுவனத்தில் பிறந்தது, முதலில் அதன் பெயர் எல்ஆர்ஆர்டி. நோர்ஸ் புராணத்தில் ஓடினிடம் இரண்டு அண்டங்காக்கைகள் உண்டு. உலகம் முழுக்கப் பறந்து, கண்டதை அவர் காதில் வந்து சொல்லுமாம். அதில் ஒன்றுதான் மூனின், 'நினைவு' எண்டு பொருள். காகம் கரைந்தால் விருந்தாளி வரும் எண்டு நம்புகிற எங்களுக்கு இது புதுசில்லை.

மூனின் 5 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து எண்ணைக் கேட்டுவிட்டுப் போகும். நடுவில் சிபியூவுக்கு ஓய்வு. எனக்குப் பிடித்தது அது சேமிக்கும் விதம்தான். கோப்பின் அளவு முதல் நாளே முடிவாகிவிடும், பிறகு வளராது. 5 நிமிடக் கணக்கு 2 நாளுக்கு, அரை மணிக் கணக்கு 9 நாளுக்கு, 2 மணிக் கணக்கு 45 நாளுக்கு, நாள் கணக்கு 450 நாளுக்கு. மனிதருடைய ஞாபகமும் ஏறக்குறைய இப்படித்தானே, பழசு மங்கும்.

ஒரு குறை இருக்கு. 30 விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஏதோ பாய்ந்துவிட்டு நின்றால், 5 நிமிடச் சராசரியில் அது 10 மெகாபிட் மேடாகத்தான் தெரியும். அந்த நேரத்தில் 'ஐஎஃப்டாப்' போட்டுப் பார்க்கலாம், எந்த முகவரியோடு பேச்சு நடக்குது எண்டு காட்டும். கட்டளையோடு சின்ன 'என்' ஒன்றைச் சேருங்கோ. இல்லாவிட்டால் ஒவ்வொரு முகவரிக்கும் பெயர் தேடப் போய், அதுவே புது டிராஃபிக் ஆகிவிடும். எந்தப் புரோகிராம் இழுக்குது எண்டு அறிய 'நெட்ஹாக்ஸ்'.

இங்கேதான் நான் கொஞ்சம் கண்டிப்பாக நிற்பேன். மீட்டர் வாசிக்கிறவர் வீட்டுக்குள் வருவதில்லை. ஐஎஃப்டாப்பும் 'டிசிபிடம்ப்'பும் பாக்கெட்டைப் பிடித்துப் பார்ப்பவை, அதனால்தான் ரூட் அனுமதி கேட்கின்றன. உங்கள் சர்வரில் சங்கத்து ஆட்களின் மின்னஞ்சல் இருந்தால், யார் யாரோடு தொடர்பு எண்ட விபரம் உங்கள் கையில் வந்துவிடும். கண்காணிப்புக்குப் பயந்து நாட்டைவிட்டு வந்தவர்கள் எங்களில் எத்தனை பேர்! சட்டமும் சும்மா இல்லை. ஜூலை 2018 முதல் ஜிடிபிஆர் நோர்வேயிலும் அமலில் இருக்கு, ஐபி முகவரியைத் தனிநபர் தரவாக எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. அதனால் நாளாந்தம் எண்ணிக்கை மட்டும். பிரச்சினை வந்தால் மட்டும், மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு, பாக்கெட்டைப் பாருங்கோ. பிடித்த கோப்பை வேலை முடிந்ததும் அழியுங்கோ.

வரைபடமே வேண்டாம், மாதக் கணக்கு போதும் எண்டால் 'விஎன்ஸ்டாட்' இன்னும் இலேசு. பின்லாந்துக்காரர் ஒருவர் எழுதியது, அதுவும் கெர்னலின் எண்ணைத்தான் வாசிக்குது. மாதம் இத்தனை ஜிபி எண்டு எல்லை வைக்கும் வாடகைத் திட்டம் உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மூனின் போடுகிறவர்களுக்கு ஒன்று. அது 4949ஆம் போர்ட்டில் கடவுச்சொல் கேட்காமல் பதில் சொல்லும். அந்தப் போர்ட்டை ஃபயர்வாலில் வெளி உலகத்துக்குத் திறந்து வைக்காதீர்கள்.